249 கிராம் ட்ரோனோடு நான்கு நாட்டுப் பயணம்: புறப்படும் முன் எதை, எங்கே, எந்த வரிசையில் பார்ப்பது?

கடலோரக்காற்று (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கையில் இருப்பது டிஜேஐ மினி 3 ப்ரோ. சாதாரண பேட்டரி இரண்டு, பெரிய 'ப்ளஸ்' பேட்டரி ஒன்று, ரெக்கைக் காப்பு ஒரு செட். முழுக்கப் பொழுதுபோக்குதான். படத்தை விற்பதோ சேனலில் போட்டுக் காசு பார்ப்பதோ கிடையாது.

பாதை இது: பிரான்ஸ் 5 நாள் (பாரிஸ், பிறகு ஆல்ப்ஸ் மலைப்பக்கம்), இத்தாலி 6 நாள், ஸ்பெயின் 3 நாள். ஸ்பெயினின் தென்முனையில் தாரிஃபாவில் கப்பல் ஏறி மொராக்கோவின் தாஞ்சியர். அங்கே 4 நாள் சுற்றிவிட்டு காசாபிளாங்காவில் விமானம். வழியில் கெய்ரோவில் 14 மணிநேர இடைவெளி, வெளியே போய் பிரமிடு பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணம்.

கேட்க வேண்டியது நாலு:
1. 250 கிராமுக்குக் கீழே என்றால் உலகம் முழுக்கப் பதிவே வேண்டாம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். உண்மையா?
2. ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் பதிய வேண்டுமா?
3. டிஜேஐ ஆப் வரைபடம் எச்சரிக்கை காட்டவில்லை என்றால் அங்கே பறக்கலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
4. மூன்று பேட்டரியையும் விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

---

திசைகாட்டி

உங்கள் நாலு கேள்விக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவில்லை: ட்ரோன் அந்த நாட்டுக்குள் நுழையலாமா? பறக்கும் விதி விமானப் போக்குவரத்துத் துறையுடையது. நுழையும் விதி சுங்கத்துறையுடையது, சில நாடுகளில் பாதுகாப்பு அமைச்சகத்துடையது. பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். பொருள் பறிபோவது இரண்டாவதில்.

உங்கள் பாதையில் இரண்டு இடம் அப்படி.

மொராக்கோ: முன் அனுமதி இல்லாமல் ட்ரோனை நாட்டுக்குள் கொண்டுவருவதே தடை. 249 கிராமோ 2 கிலோவோ, பையை விட்டு வெளியே எடுக்கவே மாட்டேன் என்றாலுமோ, கணக்கு ஒன்றுதான். ஸ்கேனரில் தெரிந்தால் சுங்கம் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவதும், நாட்டை விட்டுப் போகும்போது அதே சாவடியில் திருப்பித் தருவதும்தான் வழக்கமான நடைமுறை. இங்கேதான் உங்கள் திட்டம் உதைக்கிறது. ரசீது எழுதப்படுவது தாஞ்சியர் துறைமுகத்தில். நீங்கள் விமானம் ஏறுவது 300 கிலோமீட்டருக்கு அப்பால் காசாபிளாங்காவில். ரசீது கையில் இருக்கும், ட்ரோன் இருக்காது. ஒரு வழியாக நுழைந்து மறுவழியாக வெளியேறும் எந்தப் பயணத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 'ஏர்போர்ட்டில் வைத்திருந்து தருவார்கள்' என்று யாராவது ஆறுதல் சொன்னால், எந்த ஏர்போர்ட் என்று கேளுங்கள்.

எகிப்து இன்னும் கடுமை. 2017ஆம் ஆண்டின் 216ஆம் எண் சட்டப்படி, பாதுகாப்பு அமைச்சக அனுமதி இல்லாமல் ட்ரோனை இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம், சிறைத்தண்டனையும் உண்டு. 14 மணிநேர இடைவெளியில் கைப்பையோடு குடியேற்றக் கவுன்ட்டரைத் தாண்டினால் நீங்கள் ட்ரான்சிட் பயணி அல்ல. நாட்டுக்குள் ட்ரோன் கொண்டுவந்தவர். பிரமிடு பக்கம் பறக்கவிடும் எண்ணம் இல்லை என்பது அங்கே எடுபடாது.

சரி, ஒரு நாட்டைப் பற்றி எப்படித் தேடுவது? முதலில் சுங்கத்துறைத் தளத்தில் 'தடைசெய்யப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள்' பட்டியல். அடுத்து விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ட்ரோன் பக்கம். மூன்றாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஏனென்றால் ரிமோட் ஒரு வானொலிக் கருவி. தாய்லாந்தில் விமான ஆணையம் தனி, ஒலிபரப்பு மற்றும் தொலைத்தொடர்பு ஆணையம் தனி, இரண்டிலும் பதிவு கேட்பார்கள். ஒன்றை முடித்துவிட்டு வேலை தீர்ந்தது என்று இருந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். கடைசியாக, நீங்கள் உண்மையில் நிற்கப்போகும் நிலத்தின் சொந்தக்காரர்: தேசியப் பூங்கா, தொல்லியல் துறை, நகராட்சி, தனியார் தோட்டம். அமெரிக்காவில் வான்வெளி திறந்திருந்தாலும் தேசியப் பூங்கா நிலத்தில் நின்று ஏற்றவோ இறக்கவோ கூடாது. 2014 முதலே அப்படித்தான். வானம் ஒருவர் கையில், தரை இன்னொருவர் கையில்.

பயண வலைப்பதிவுகளையும் 'எல்லா நாட்டு ட்ரோன் சட்டம்' வகைத் தளங்களையும் துறைகளின் பெயர் தெரிந்துகொள்ள மட்டும் வையுங்கள். அரசுத் தளத்திலும்கூட ஆங்கிலப் பக்கம் பழசாகவே கிடக்கும், மூலமொழிப் பக்கம் புதுசாக இருக்கும். மூலமொழிப் பக்கத்தைத் திறந்து மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படியுங்கள். கீழே 'கடைசியாகத் திருத்திய நாள்' எது, எந்தச் சட்ட எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். சட்ட எண்ணே இல்லாத பக்கத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

தெளிவு கிடைக்காவிட்டால் மின்னஞ்சல்தான். 'உங்கள் நாட்டில் ட்ரோன் பறக்கலாமா?' என்று கேட்டால் பொதுப் பக்கத்தின் இணைப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு முடித்துவிடுவார்கள். மாடல், வரிசை எண், பேட்டரியோடு சேர்த்த எடை, நுழையும் இடம், வெளியேறும் இடம், தேதிகள், பறக்கவிடும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, அதிகபட்ச உயரம், நோக்கம் பொழுதுபோக்கு — இவ்வளவையும் எழுதி மூன்று தனிக் கேள்வி கேளுங்கள்: கொண்டுவரலாமா, பதிவு வேண்டுமா, இந்த இடத்தில் இந்த நாளில் பறக்கலாமா. பதிலைக் காகிதத்தில் அச்சிட்டு ட்ரோன் பையிலேயே போடுங்கள். போனில் இருக்கும் பதில், சார்ஜ் தீர்ந்த நேரத்தில்தான் தேவைப்படும்.

இன்னொன்று, வெளிநாட்டில் ட்ரோன் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு. 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் மட்டும். பயணிகள் நிரப்பும் சுங்கப் படிவத்தில் ட்ரோனுக்கென்றே ஒரு தனிக் கேள்வியும் உண்டு. 'நானோ வகைதானே' (250 கிராம் வரை உள்ளது) என்பது பறக்கும் விதிக்கான வாதம். சுங்கத்தில் செல்லாது.

---

மூன்றாம்ரெக்கை

திசைகாட்டி சொன்ன வரிசைதான் சரி. ஐரோப்பாவை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மூன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/947 விதிக்குள் வருபவை. 250 கிராமுக்குக் கீழே பதிவு வேண்டாம் என்பது பாதி உண்மை. ட்ரோனில் கேமரா இருந்து, அது பொம்மை வகையைச் சேராததாக இருந்தால், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இயக்குபவர் பதிவு கட்டாயம். உங்கள் மினியில் கேமரா இருக்கிறது. ஆகவே பதிவு உண்டு.

ஒரே ஒரு நாட்டில் பதிந்தால் போதும். ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் முதலில் பறக்கவிடப்போகும் நாட்டில் பதிய வேண்டும். உங்களுக்கு அது பிரான்ஸ், தளத்தின் பெயர் ஆல்ஃபாடேங்கோ. அந்த எண் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் செல்லும். அங்கே மறுபடி பதிய வேண்டாம், பதியவும் கூடாது. ஒருவருக்கு ஒரே பதிவுதான்.

கவனிக்க: பதிவு ட்ரோனுக்கு அல்ல, உங்களுக்கு. இரண்டு ட்ரோன் இருந்தாலும் ஒரே எண்ணை இரண்டிலும் ஒட்டலாம். அந்த எண்ணில் முதல் 3 எழுத்து நாட்டுக் குறி, பிறகு 12 எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை, கடைசியில் ஒரு சரிபார்ப்புக் குறி. ஆக 16. அதற்குப் பின்னால் சிறுகோடு போட்டு இன்னும் 3 எழுத்து வரும். இந்த மூன்றும் ரகசியம். ரிமோட் ஐடி (பறக்கும்போதே அடையாளத்தை ஒலிபரப்பும் வசதி) உள்ள ட்ரோனில் எண்ணை ஏற்றும்போது சரிபார்க்க மட்டும் பயன்படும். ஸ்டிக்கரில் அச்சடிக்கக் கூடாது. வந்த மின்னஞ்சலை அப்படியே நகலெடுத்து 19 எழுத்தையும் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பின்கோடைக் கார்டின் முதுகில் எழுதி வைப்பது போலத்தான் அது.

தேர்வு: 250 கிராமுக்குக் கீழ் உள்ள 'சி0' முத்திரை (ஒன்றியத்தின் வகைக் குறி) ட்ரோனுக்கும், 2024 ஜனவரி 1க்கு முன் சந்தைக்கு வந்த, முத்திரை இல்லாத 250 கிராமுக்குக் கீழான ட்ரோனுக்கும் தேர்வு தேவையில்லை, கையேட்டைப் படித்திருந்தால் போதும். துணைப்பிரிவு ஏ1. எதேச்சையாகக் கீழே வரும் ஓரிருவர் மேல் பறப்பது மன்னிக்கப்படும். கூட்டத்தின் மேல் எப்போதும் கூடாது.

இப்போது உங்கள் ப்ளஸ் பேட்டரிக்கு வருவோம். மினி 3 ப்ரோ சாதாரண பேட்டரியோடு 249 கிராம். ப்ளஸ் மாட்டினால் ஏறத்தாழ 290. அந்த நொடியிலிருந்து அது வேறு ட்ரோன். முத்திரை இல்லாத, 250ஐத் தாண்டிய ட்ரோனுக்கு இப்போது ஏ3 துணைப்பிரிவு மட்டும்தான்: குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, பொழுதுபோக்குப் பகுதிகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி, ஆளரவமில்லாத இடத்தில், அதுவும் 40 கேள்வி இணையத் தேர்வில் 75 விழுக்காடு எடுத்த பிறகு. சுற்றுலாப் பயணிக்கு இதில் ஒரு பிரயோசனமும் இல்லை. ப்ளஸ் பேட்டரியை வீட்டிலேயே வைத்துவிட்டு, வேண்டுமானால் இன்னொரு சாதாரண பேட்டரி எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெக்கைக் காப்பும் அதே கதைதான். 249இல் மிச்சம் இருப்பது ஒரு கிராம்கூட இல்லை. காப்பு, தரையிறங்கும் கால், இரவு விளக்கு, தடித்த ஸ்டிக்கர், எதை ஏற்றினாலும் வரம்பு போய்விடும். சமையலறைத் தராசில், பறக்கும் நிலையில், மெமரி கார்டு உட்பட நிறுத்துப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட எடையைச் சோதனை செய்பவர் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

காப்பீடு: ஒன்றிய விதி 20 கிலோவுக்கு மேல்தான் கட்டாயமாக்குகிறது. ஆனால் உறுப்பு நாடு தன் பங்குக்குக் கூட்டலாம். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் சின்ன ட்ரோனுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் 'வானூர்தி இயக்கம்' விலக்குப் பட்டியலில் இருக்கும். பாலிசியின் அந்தப் பத்தியைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். பொழுதுபோக்கு ட்ரோன், பொறுப்புத் தொகை, செல்லும் நாடுகள் மூன்றும் சான்றிதழில் எழுத்தில் இருக்க வேண்டும்.

---

வாட்மணி

பேட்டரிக் கேள்விக்கு மட்டும்.

விமானக் கணக்கு மில்லியாம்பியரில் அல்ல, வாட்-மணியில். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வரும். மினி 3 ப்ரோ சாதாரண பேட்டரி 7.38 வோல்ட், 2453 மில்லியாம்பியர்-மணி: 7.38 × 2.453 = 18.1 வாட்-மணி. ப்ளஸ் 7.38 × 3.85 = 28.4. இரண்டுமே 100க்கு வெகு கீழே, ஆகவே நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்க வேண்டாம். 100 முதல் 160 வரை என்றால் நிறுவன ஒப்புதல் வேண்டும், உபரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160க்கு மேல் பயணிக்குக் கிடையாது. மேவிக் 3 பேட்டரியே 77தான், அதனால் பொழுதுபோக்கு ட்ரோன்காரர்களுக்கு இந்த வரம்பு பெரும்பாலும் உதைக்காது. எண்ணிக்கை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பயணச்சீட்டில் இரண்டு நிறுவனம் இருந்தால் இரண்டின் விதியையும் பாருங்கள்.

உபரி பேட்டரி கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் ஒருபோதும் கூடாது. காரணம் எளிது: கேபினில் புகைந்தால் ஊழியர் பார்த்து அணைக்கலாம், சரக்கறையில் கண்ணில் படாது. தொடுமுனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனி உறையில் போடுங்கள். உப்பியது, கீழே விழுந்து நெளிந்தது, தயாரிப்பாளர் திரும்பப் பெற்றது எதுவும் விமானத்தில் ஏறக்கூடாது.

பலரும் சறுக்கும் இடம் போர்டிங் வாசல். மேலே இடமில்லை என்று கைப்பையை அங்கேயே வாங்கி சரக்கறைக்கு அனுப்புவார்கள். அந்த அவசரத்தில் பேட்டரி உள்ளே போய்விடும். மூன்றையும் ஒரே சின்னப் பையில் போட்டு மேலாக வையுங்கள், ஒரே இழுப்பில் கையில் வரவேண்டும்.

சார்ஜ் 30 முதல் 50 விழுக்காடு. நூறு ஏற்றிக் கிளம்பாதீர்கள். மினியின் சார்ஜிங் ஹப்பைப் பவர் பேங்காகவும் பயன்படுத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்துவதற்குப் பல நிறுவனங்கள் தடை போட்டுவிட்டன. ஹப்பைக் காலியாக வையுங்கள்.

---

கடலோரக்காற்று

தலை சுற்றுகிறது, ஆனாலும் நன்றி. ப்ளஸ் பேட்டரியும் காப்பும் வீட்டில்.

திட்டத்தை மாற்றிப் பார்க்கிறேன். மொராக்கோவை தாரிஃபாவிலிருந்து போய்த் திரும்பும் பயணமாக்கி, ட்ரோனை ஸ்பெயினில் பை பாதுகாக்கும் இடத்தில் வைத்துவிடலாம். திரும்பும் விமானம் மாட்ரிடில். ஆனால் சீட்டு கெய்ரோ வழிதான் இருக்கிறது. ட்ரோனை பேட்டரி இல்லாமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டு, கெய்ரோவில் வெளியே போகாமல் உள்ளேயே இருந்தால் சரியா?

தாரிஃபா கடற்கரையில் ஒன்று, ஆல்ப்ஸில் ஒரு மலைமுகட்டிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்து ஒன்று. இந்த இரண்டு இடம்தான் முக்கியமாகப் பறக்க ஆசை.

---

திசைகாட்டி

பை பாதுகாக்கும் இடத்தில் லித்தியம் பேட்டரியை ஏற்கிறார்களா என்று முன்பே கேளுங்கள். சில இடங்களில் ஏற்பதில்லை. 'எலெக்ட்ரானிக்ஸ்' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் பூட்டினால் பின்னால் வம்பு. வழியில் தபாலில் அனுப்பிவிடலாம் என்று யோசிக்கவே வேண்டாம், லித்தியம் பேட்டரிக்குப் பன்னாட்டுத் தபாலில் தனிக் கட்டுப்பாடு.

கெய்ரோ: பெட்டி கடைசி ஊர் வரை நேராகப் போனால் நீங்கள் சுங்கத்தைச் சந்திக்க மாட்டீர்கள். மாட்ரிடில் ஒட்டும் டேக்கில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறி இருக்கிறதா என்று நின்று பாருங்கள். கெய்ரோவின் குறி இருந்தால் பெட்டியை அங்கே எடுத்து மறுபடி போட வேண்டும், அதாவது நுழைவு. இரண்டு தனிச் சீட்டு வாங்கியிருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். ஒரே சீட்டாக இருந்தாலும், விமானம் ரத்தாகி ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டால் பெட்டி கைக்கு வந்துவிடும். சாதாரண நாட்டில் இதற்கெல்லாம் கவலைப்பட மாட்டேன். வைத்திருப்பதே குற்றம் என்கிற நாட்டில், கூடுதல் செலவானாலும் வேறு வழி விமானம்தான் என் யோசனை.

---

உயரமானி

மலைமுகட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் ஆப் உங்களை ஏமாற்றும்.

ஐரோப்பிய வரம்பு 120 மீட்டர். எதிலிருந்து? ட்ரோனுக்கு மிக அருகில் உள்ள தரைப்பரப்பிலிருந்து. ஆனால் திரையில் தெரியும் உயரம் நீங்கள் ஏற்றிய இடத்திலிருந்து. முகட்டில் நின்று 10 மீட்டர் தூக்கி நேராகப் பள்ளத்தாக்கை நோக்கி ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். கீழே 400 மீட்டர் ஆழம், பாறைச் சுவர் செங்குத்து. திரை இன்னும் 10 மீட்டர் என்றே காட்டும். பாறைச் சுவரும் தரைப்பரப்புதான், அதனால் சுவரிலிருந்து 120 மீட்டருக்குள் இருக்கும்வரை நீங்கள் விதிக்குள். அதைத் தாண்டி வெளியே போனதும் மீறல், உயரத்தில் ஒரு மீட்டர்கூட ஏறாமலே. திரையில் கிடைத் தூரமும் தெரியும், முகட்டில் அதைத்தான் பார்க்க வேண்டும். பாராகிளைடர்களும் மீட்பு ஹெலிகாப்டர்களும் பறப்பது சரியாக அந்தச் சுவரை ஒட்டிய காற்றில்.

உயரத்தை எதிலிருந்து அளப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் அனுமதி இல்லாமல் போகக்கூடியது 200 அடி, அது கடல்மட்டத்திலிருந்து. குன்றின் மேல் நின்றால் குன்றின் உயரம் உங்கள் கணக்கில் கழிந்துவிடும். விதியில் எண்ணைப் படித்தால் மட்டும் போதாது, 'எதிலிருந்து' என்ற சொல்லையும் தேடுங்கள்.

ஆப் வரைபடம் பற்றி: எச்சரிக்கை வரவில்லை என்பது அனுமதி அல்ல. அமெரிக்காவில் டிஜேஐ 2025 ஜனவரியில் தடைப்பகுதிப் பூட்டையே எடுத்துவிட்டது. முன்பு மோட்டார் சுற்றாத இடத்தில் இப்போது எச்சரிக்கையைத் தட்டிவிட்டு ஏற்றலாம், குற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது. நாட்டின் சொந்த வரைபடம் எது என்று தேடுங்கள்: ஸ்பெயினில் எனைரே ட்ரோன்ஸ், இத்தாலியில் டி-ஃப்ளைட், பிரான்சில் ஜியோபோர்ட்டல், ஜெர்மனியில் டிபுல். பாரிஸ் நகரமும் ரோம் நகர மையமும் இவற்றில் சிவப்பாகத்தான் இருக்கும், அங்கே ட்ரோனைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம்.

தாரிஃபாவை எனைரேயில் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் கடற்கரை எஸ்த்ரெச்சோ இயற்கைப் பூங்காவை ஒட்டியது, பறவைகள் நீரிணையைக் கடக்கும் பாதையும் கூட. அடுக்குகளில் வான்வெளி மட்டும் டிக் ஆகியிருந்தால் இயற்கைப் பகுதி தெரியாது. எல்லா அடுக்கையும் போட்டு, நிற்கப்போகும் புள்ளியை அழுத்தினால் எந்த விதி, யாரிடம் கேட்க வேண்டும் என்று வரும். அதைப் படம்பிடித்து வையுங்கள்.

தேதி முக்கியம். வான்வெளி வெளியீடுகள் 28 நாள் சுழற்சியில் மாறும். தற்காலிகத் தடை அதற்குக்கூடக் காத்திருக்காது. இலங்கையில் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு சில நாளிலேயே எல்லா ட்ரோனும் தரையிறக்கப்பட்டது. தாய்லாந்தில் 2025 ஜூலை 30 முதல் எல்லை மோதல் காரணமாக நாடு முழுக்கத் தடை வந்தது, முறைப்படி பதிந்தவர்களுக்கும் சேர்த்து. எதிர்த்திசையிலும் நடக்கும்: ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் நிறுத்திய பொழுதுபோக்குப் பறப்பை 2024 நவம்பரில்தான் படிப்படியாகத் திறக்கத் தொடங்கியது. ஆகவே சீட்டு வாங்கும் முன் ஒருமுறை, கிளம்ப ஒரு வாரம் முன் ஒருமுறை, பறக்கும் நாள் காலையில் ஒருமுறை. கடைசி முறை ஐந்து நிமிட வேலை.

---

பனிச்சாரல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு அடுத்த வசந்தத்தில் ஜப்பான். இதே மினி வகைதான். அங்கே 250 கிராம் விதி உண்டா?

---

மூன்றாம்ரெக்கை

ஜப்பானில் எல்லை 100 கிராம். 2022 ஜூன் 20 முதல் 100 கிராமும் அதற்கு மேலும் உள்ள எல்லாம் பதிய வேண்டும், ரிமோட் ஐடியும் வேண்டும். 249 என்று பெட்டியில் எழுதியிருப்பதால் அங்கே ஒரு சலுகையும் இல்லை. இங்கே பதிவு ட்ரோனுக்கு. தளம் டிப்ஸ் 2.0, வெளிநாட்டவரும் பதியலாம், அடையாளச் சரிபார்ப்புக்கு நாள் பிடிக்கும்.

பதிவு முடிந்தாலும் எங்கும் பறக்கலாம் என்றில்லை. மக்கள் அடர்ந்த பகுதி, விமான நிலையச் சுற்று, 150 மீட்டருக்கு மேல், இரவு, கண்பார்வைக்கு அப்பால், ஆட்களுக்கோ பொருட்களுக்கோ 30 மீட்டருக்குள் — இவற்றில் ஒன்று இருந்தாலும் அனுமதி தனி. குறைந்தது 10 வேலைநாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். முக்கிய அரசுக் கட்டடங்களைச் சுற்றி எடை வரம்பே இல்லாத தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது, பொம்மை ட்ரோனும் அதில் மாட்டும். டோக்கியோ மாநகரப் பூங்காக்களில் பூங்கா விதியே தடை.

வானொலி முத்திரையையும் மறக்க வேண்டாம். ட்ரோனிலும் ரிமோட்டிலும் 'கிதெகி' குறி இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடலில் வெளியே அச்சிட்டிருக்காது, ஆப்பின் சான்றிதழ்ப் பக்கத்தில் இருக்கும். வேறு நாட்டுக்கென்று விற்ற அலகில் அது இல்லாமலும் போகலாம். குறி இல்லாவிட்டால் மேலே சொன்ன எதையும் செய்து பயனில்லை, அதனால் உங்கள் வேலை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிரிட்டனுக்குப் போகிறவர்களும் பழைய 250ஐ நம்ப வேண்டாம். 2026 ஜனவரி 1 முதல் அங்கேயும் 100 கிராமிலிருந்தே பறப்பவர் ஐடி, கேமரா இருந்தால் இயக்குபவர் ஐடியும். ஒன்றியப் பதிவு அங்கே செல்லாது.

---

கடலோரக்காற்று

கெய்ரோ சீட்டை விட்டுவிட்டேன், வேறு வழி பார்த்தாயிற்று. கடைசியாக ஒன்று: பிரெஞ்சு எண்ணை மினியில் எங்கே ஒட்டுவது? மேலே ஒட்டினால் சென்சாரை மறைக்கிறது, கையில் மடங்கினால் கிழிகிறது.

---

மூன்றாம்ரெக்கை

சின்ன ட்ரோனுக்கு ஐரோப்பாவில் பேட்டரி அறைக்குள் ஒட்டலாம், கருவி எதுவும் இல்லாமல் திறந்து படிக்க முடிந்தால் சரி. பேட்டரியின் மேல் ஒட்டாதீர்கள். பேட்டரியை மாற்றினால் எண்ணும் சேர்ந்து போய்விடும். உடலின் உட்சுவரில் ஒட்டுங்கள். க்யூஆர் குறியும் ஏற்கப்படும்.

அமெரிக்காவில் இது செல்லாது, 2019 பிப்ரவரி முதல் எண் வெளிப்பரப்பில்தான் இருக்க வேண்டும். ஜப்பானில் எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மூன்று இடத்துக்கும் சேர்த்து வேலை செய்வது லேபிள் பிரின்டரின் மெல்லிய நாடாதான்: மினியின் பக்கவாட்டில், காற்றுத் துளையையும் சென்சாரையும் விட்டு, 3 மில்லிமீட்டர் எழுத்தில் ஒட்டலாம். சில கை மடங்கும்போது உரசும், ஒட்டும் முன் நான்கு கையையும் இரண்டு முறை மடக்கி விரித்துப் பாருங்கள். ஒட்டியபின் மறுபடி தராசு.